‘வர்தாவையே பார்த்தாச்சு சார்’

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மனை வாங்கியிருக்கும் ஒருவர் போன வாரம் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், தன்மையான மனிதர். பேஸ்மட்டத்தை நாலடி உயர்த்தி நான் கொடுத்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, இரண்டடிக்குக் குறைக்கச் சொன்னார். நாலடி என்றால் கார் ஏற்றும் சரிவு செங்குத்தாகிவிடுமாம். பக்கத்து வீடும் இரண்டடிதானாம். மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு இத்தனை போல்ட் எதற்கு என்றும் கேட்டார். காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்: “வர்தாவையே பார்த்தாச்சு சார். அந்தத் தெருவுல ஒரு ஓடுகூட நகரல.”

இந்த வருஷத்தில் இதே வாக்கியத்தை நான் கேட்பது ஐந்தாவது முறை. ஊருக்கு ஊர் புயலின் பெயர் மட்டும் மாறும். கடலூர்ப் பக்கம் ‘தானே’யைப் பார்த்தாச்சு, நாகப்பட்டினம் பக்கம் ‘கஜா’வைப் பார்த்தாச்சு, புதுச்சேரியில் ‘நிவர்’. பார்த்தவர்கள் எல்லாம் உயிரோடு என் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவே அவர்களுக்குச் சான்று. பார்த்துவிட்டுப் பேச முடியாமல் போனவர்கள் என் அலுவலகத்துக்கு வருவதில்லை.

நான் கட்டமைப்புப் பொறியாளன். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் டேப்பும் கேமராவுமாகப் போய் எது விழுந்தது, எங்கிருந்து பிய்ந்தது என்று பார்ப்பது இருபது வருஷத்துக்கு மேலாக என் வேலையில் ஒரு பகுதி. மக்கள் பழைய புயல்களை மறந்துவிடுகிறார்கள் என்று நானும் முன்பு மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. யாரும் மறக்கவில்லை. மணி சொல்கிறார்கள், அன்றைக்கு அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நினைவில் இருப்பது தங்கள் தெருவில் விழுந்த புயலின் ஓரம். அந்த ஓரத்தை முழுப் புயல் என்று எடுத்துக்கொண்டு வீடு கட்டுகிறார்கள். சுத்தமாக மறந்தவனிடம் புதிதாகச் சொல்லலாம். இவர்களிடம் முடியவில்லை.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் பாதித் தலைவலி இதில்தான் இருக்கிறது. வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக வந்து நம் கரையில் ஏறும். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, அது போகும் திசையைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும், கடலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். இடக்கைப் பக்கம் தெற்கு. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். தண்ணீர் ஏறாது, சில இடங்களில் உள்வாங்கக்கூடச் செய்யும். ஒரே நாள், ஒரே புயல், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளி. வடக்கே இருப்பவர் வீட்டுக்குள் கடல் வந்திருக்கும். தெற்கே இருப்பவர் மாலையில் கரைக்குப் போய் அலையைப் படமெடுத்திருப்பார்.

வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. நம்மவரின் மனை அதற்குத் தெற்கே. அன்று அவர் தெருவுக்கு முன்னால் கடல் அடங்கிக் கிடந்ததற்குக் காரணம், காற்று அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது வர்தாவின் நல்ல பக்கம். அதே புயல் அறுபது, எழுபது கிலோமீட்டர் தெற்கே தள்ளி ஏறியிருந்தால் அவர் மனை வலக்கைப் பக்கம் வந்திருக்கும். கடலுக்கு முன்னனுபவச் சான்றிதழ் எல்லாம் தெரியாது.

இங்கே கூண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் 5ஆம் எண் ஏற்றினால் ‘அஞ்சுதானே’ என்றும், 6 ஏற்றினால் ‘கூடிடுச்சு’ என்றும் டீக்கடையில் பேசுகிறார்கள். 5, 6, 7 மூன்றுமே ஒரே அளவு அபாயம். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் போகும் என்றால் 5, வலப்பக்கம் விட்டுப் போகும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. பெரும் அபாயத்துக்கான 8, 9, 10க்கும் இதே கணக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல்காரர்களுக்கு இடம் வலம் எவ்வளவு முக்கியம் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. கரையில் வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

காற்றின் கணக்கு ஒன்று. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். சென்னைக் கடற்கரையில் வீடு கட்ட, ஐ.எஸ். 875 என்கிற இந்தியக் கட்டுமானத் தர விதி நொடிக்கு 50 மீட்டர் காற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தா கரையேறியபோது அதைவிட வெகுவாகக் குறைவு. விதி சொல்லும் காற்று வந்தால் உங்கள் கூரைக்கு விழும் இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருக்கும். “அதெல்லாம் அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற காத்து சார்” என்கிறார்கள். சரி. வீடு எத்தனை வருஷத்துக்கு? ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை என்றால், ஐம்பது வருஷம் நிற்கும் வீடு அந்தக் காற்றை ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 64. காசைச் சுண்டிப் போடுவதைவிட மோசமான பந்தயம் இது.

ஆனால் எண்கள் யாரையும் அசைப்பதில்லை என்பதை எப்போதோ கற்றுக்கொண்டேன். சுனாமிக்குப் பிறகு நாகை வட்டாரத்தில் ஒரு மீனவ கிராமத்துக்கு வீடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். மதில் சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஆணியால் கீறிய ஒரு கோடு, அதன்மேல் காவி தடவியிருந்தது. “எழுபத்தேழு புயல்ல தண்ணி இங்க நின்னுச்சு தம்பி. எங்க வீட்டுக்காரரு கீறி வச்சது.” 1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஏறிய அந்தப் புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒரே வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமையில் இன்னொன்று. அதில் பத்தாயிரத்துக்கும் குறையாது. அந்தக் கிருஷ்ணா மாவட்டக் கரைக்கு அது புதிதும் அல்ல. 1864இல் மசூலிப்பட்டினத்தில் சுமார் முப்பதாயிரம் பேரைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. 113 வருஷம் இடைவெளி. சொல்ல ஒரு கிழவரும் மிஞ்சியிருக்க மாட்டார்.

கஜாவுக்குப் பிறகு அதே கிராமத்துக்குப் போனேன். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. மதில் பூசி, மஞ்சள் வண்ணம் அடித்து, கீழ்ப்பாதிக்கு டைல்ஸும் ஒட்டியாகிவிட்டது. கோடு எங்கே என்று கேட்டேன். இளைஞர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. பாட்டியும் இல்லை. “சுனாமி தண்ணியா சார்?” என்றான் ஒருவன். இது இன்னொரு வகை அழிப்பு. அந்தக் கரையில் கடல் என்றாலே இப்போது சுனாமிதான். நம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வந்த அது, ஓரிரு வருஷத்துக்கு ஒரு முறை வாசலில் வந்து நிற்கிற புயலை நினைவிலிருந்து தள்ளிவிட்டது.

தனுஷ்கோடியைச் சொல்லவே வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு. நூற்றுக்கும் மேற்பட்டோரோடு பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் எடுத்துக்கொண்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்த ஊர் அது. 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்தது, நானும் குடும்பத்தோடு போனேன். இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து படமெடுக்க வரிசை நிற்கிறது. என் மகளும் எடுத்துக்கொண்டாள். ‘அழகா இருக்கில்லப்பா’ என்றாள். அழகாகத்தான் இருந்தது, என்ன சொல்ல?

ஒடிசாக்காரர்கள் நினைவை நம்பவில்லை. 1999 அக்டோபரில் பாராதீப் பக்கம் ஏறிய சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்தார்கள். அதன் பிறகு கரை நெடுகப் புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டினார்கள், ஊர் ஊராக ஒத்திகை நடத்தினார்கள். 2013இல் ‘பைலின்’ வந்தபோது லட்சக்கணக்கில் மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். செத்தவர்கள் சில பத்துப் பேர். ஞாபகசக்தியில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஞாபகத்தை கான்கிரீட்டில் ஊற்றி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இனி வீட்டுக்கு வருவோம். கூரை அமுங்கி விழாது, மேலே பிடுங்கிக்கொண்டு போகும். இதை மட்டும் புரிந்துகொண்டால் என் வேலையில் பாதி முடிந்தது. ஓடுகிற லாரியின் தார்ப்பாய் எந்தப் பக்கம் உப்புகிறது என்று பார்த்திருக்கிறீர்கள்தானே? முதலில் போவது ஓரமும் மூலையும். அங்கே போல்ட்டை நெருக்கிப் போடுங்கள், நடுவில் குறைத்துக்கொள்ளலாம். கொத்தனாரும் வெல்டரும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி போதும் என்பார்கள், கேட்காதீர்கள். தகரத்தைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி மாதிரி ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் புயல் மாதத்துக்கு முன்பே மாற்றுங்கள். கஜாவுக்குப் பிறகு ஒரு கொட்டகையில் நான் எண்ணிய நாற்பது போல்ட்டில் பதினேழு, விரலால் முறித்தால் முறிகிற நிலையில் இருந்தது. ஷீட் நல்ல கம்பெனி ஷீட்டுதான். ரசீதைக்கூடக் காட்டினார்கள்.

காற்று அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியே போய்விடும், கூரை தப்பும் என்று யார் கிளப்பிவிட்டதோ! வேண்டாம். எல்லாவற்றையும் சாத்துங்கள், தாழ்ப்பாள் ஆடினால் இன்றைக்கே மாற்றுங்கள். ஒரு கதவு பெயர்ந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்த போல்ட்டும் தாங்காது. மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் புயலுக்கு முந்தின நாள் நிரப்பி வையுங்கள். காலித் தொட்டி பறக்கும், பறந்து பக்கத்து வீட்டில்தான் இறங்கும். பூந்தொட்டி, கொடிக்கம்பி, கழற்றிப் போட்ட தகரம் எல்லாம் கீழே வரட்டும். ஒற்றைச் செங்கல் காம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள்.

காற்று சட்டென்று அடங்கினால் வெளியே வராதீர்கள். புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, உங்கள் தலைக்கு மேல் இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். வர்தா அன்று சென்னையில் முதலில் வடக்கிலிருந்தும், கண் கடந்த பிறகு தெற்கிலிருந்தும் அடித்தது. முதல் பாதி தளர்த்தி வைத்ததை இரண்டாம் பாதி எடுத்துக்கொண்டு போகும். ‘கரையைக் கடந்துவிட்டது’ என்று டிவியில் ஓடுகிற வரிக்கும் ‘முடிந்துவிட்டது’ என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கஜா கடந்த பிறகுதான் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. 2024இல் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கடந்த பிறகுதான் விழுப்புரமும் திருவண்ணாமலையும் மிதந்தன.

காற்றுக்கு வீட்டை பலப்படுத்தலாம். கடல் ஏறி வருவதற்கு, கரையோரச் சின்ன வீட்டில் நான் செய்து தரக்கூடியது மிகக் குறைவு. ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன். அது ஓடி வந்து மோதுகிறது. இப்படிப்பட்ட புயல்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர்தான். முகாமுக்குப் போகச் சொன்னால் போங்கள். முகாமில் கழிப்பறை சரியில்லை, வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது, ஆட்டை யார் பார்ப்பது, போட் என்ன ஆகும் என்று சொல்கிற அம்மாக்களிடம் எனக்குப் பதில் இல்லை. அந்தக் குறைகள் எல்லாமே நிஜம். அப்படியும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒரு ராத்திரி மட்டும் போய்விடுங்கள். போன தடவை போயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், புயல் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

நம்மவர் மறுபடி நேற்று போன் செய்தார். இடம் வலம் எல்லாம் பேரன் மொபைலில் வரைபடம் போட்டுக் காட்டினானாம். “மூணடின்னு வச்சுக்கலாமா சார்?” என்றார். நாலடி என்றேன். கார் சரிவை வாசலுக்கு நேராகப் போடாமல் பக்கவாட்டில் வளைத்துக் கொண்டுபோனால் செங்குத்து குறையும், படம் அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுறீங்களா? அவரும் வர்தாவைப் பார்த்தவர்” என்றார்.