குக்கீயைத் தின்பண்டம் என்று நம்பிய கணினி

2010 ஜனவரியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 'நெல்' (NELL: Never-Ending Language Learner, அதாவது ஓயாமல் மொழி கற்பது) என்ற கணினி நிரலை ஓட விட்டார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் இணையப் பக்கங்களைப் படிக்க வேண்டும், புரிந்ததைக் குறித்துவைக்க வேண்டும், நேற்றைவிட இன்று நன்றாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கையில் கொடுத்தது கொஞ்சம்தான். நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் என்று சில வகைகள், வகைக்குப் பத்துப் பதினைந்து உதாரணங்கள். பாரிஸ் ஒரு நகரம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பெயர் 'மேயர் ஆஃப்' என்பதற்குப் பின்னால் அடிக்கடி வருவதை நிரல் கவனிக்கும். அப்புறம் அதே இடத்தில் வேறு எந்தப் பெயர் வந்தாலும் அதுவும் நகரமாக இருக்கலாம் என்று ஊகிக்கும். அந்தப் புதுப் பெயர்களை வைத்து இன்னும் சில சொற்றொடர்களைப் பிடிக்கும், அவற்றை வைத்து இன்னும் பெயர்கள்.

வில்லங்கமும் இங்கேதான். ஆங்கிலத்தில் குக்கீ என்றால் பிஸ்கட்டும்தான், இணையதளங்கள் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பும்தான். அந்தப் பிரவுசர் குக்கீயை அது அடுமனைத் தின்பண்டங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. குக்கீகளை அழித்தேன் என்று எழுதுகிறவர்கள் ஃபைல்களை அழித்தேன் என்றும் எழுதுவார்களே, அதனால் ஃபைலும் தின்பண்டமாகிவிட்டது!

ஒரு தப்பு இப்படிக் குட்டி போடுவதைத் தடுக்க அவர்கள் பிடித்த வழிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரே வகையை மட்டும் கற்றுக்கொடுக்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நகரமாக இருப்பது மனிதராக இருக்க முடியாது, மேயர் என்றால் ஒரு பக்கம் ஆளும் மறுபக்கம் ஊரும் இருந்தாக வேண்டும் என்று ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தும். போதாததற்கு, வாக்கியங்களைப் பார்க்க ஒரு பகுதி, இணையப் பக்கங்களில் உள்ள பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்க்க ஒன்று, சொல்லின் வடிவத்தைப் பார்க்க இன்னொன்று என்று தனித்தனியாக வைத்தார்கள். ஒரு பகுதி மட்டும் சொன்னால் அது மிக உறுதியாகச் சொல்ல வேண்டும், பல பகுதிகள் ஒத்துப்போனால் உறுதி சற்றுக் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

இவ்வளவு செய்தும் சரிவு முழுசாக நிற்கவில்லை. முதல் 67 நாளில் சுமார் 2,42,000 தகவல்கள் சேர்ந்தன, அவற்றில் 74 சதவீதம் சரி என்பது அவர்கள் மதிப்பீடு. ஆனால் தொடக்கச் சுற்றுகளில் 90 ஆக இருந்த துல்லியம் கடைசிச் சுற்றுகளில் 57க்கு இறங்கியிருந்தது. பிறகு மனிதர்கள் அவ்வப்போது பார்த்துத் திருத்தினார்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் இன்றைய பெரிய மொழி மாதிரிகள் இதைவிடப் பல மடங்கு சரளமானவை, சந்தேகமே இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே மூச்சில் படித்துமுடித்துவிட்டு நின்றுவிடுகின்றன, மேலும் கற்பித்தால் பழையது அழிந்துபோகும் அபாயம் உண்டு. நெல்லில் ஒவ்வொரு தகவலும் தனிக் குறிப்பு என்பதால் புதிது வந்து பழையதைத் தள்ளாது, தப்பானதை மட்டும் தேடி எடுத்துத் தூக்கிப் போடலாம்.