ஒன்பதாவது குழியின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம் எனக்குக் கோல்ஃப் பயிற்சிக்கு ஆள் குறையாது. சன் சிட்டி உல்லாச விடுதிக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பியவர்கள் வருவார்கள். வந்ததும் சொல்வது ஒன்றுதான்: “கோச், என் சுவிங் கெட்டுவிட்டது.” நான் மட்டையை எடுக்கச் சொல்வதில்லை. ஸ்கோர் அட்டையைக் கேட்பேன். பத்துக்கு எட்டுப் பேரின் சுவிங்கில், அதாவது மட்டை வீசும் விதத்தில், ஒரு குறையும் இருக்காது. அட்டையில் நான்கைந்து கட்டங்கள் மட்டும் ரத்தம் சிந்தியிருக்கும். அவை எந்தக் குழிகள் என்று பார்க்காமலே என்னால் சொல்லிவிட முடியும்.

இருபது வருடமாக இந்த ஊரில் கோல்ஃப் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளைச் சேர்ந்த நம்மவர்கள். ஆசிரியர், கணக்கர், ஓய்வுபெற்ற செவிலியர், இரண்டு கடைக்காரர்கள். வாரத்துக்கு ஒரு முறை நகராட்சித் திடலில் ஆடுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய விடுதித் திடலுக்குப் போவார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு முறைக்காக.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நகராட்சித் திடல் உங்களை ஏமாற்ற நினைப்பதில்லை. விடுதித் திடலின் தொழிலே ஆசை காட்டுவது. நீர், மலை, கொடி நட்ட குட்டைப்புல் பகுதியான கிரீன், அதற்குப் பின்னால் விழும் மாலை வெயில் எல்லாம் சேர்ந்து, வீட்டில் ஒருபோதும் அடிக்காத அடியை அங்கே அடிக்கச் சொல்லும். கூடவே கட்டணமும் கட்டியிருக்கிறோம். இவ்வளவு பணம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்கு முன்னால் பந்தை நிறுத்துவதா என்ற எண்ணம் வந்துவிடும். ஸ்கோர் அங்கேதான் போகிறது.

சன் சிட்டியில் இரண்டு திடல்கள். இரண்டையும் வடிவமைத்தவர் நம் நாட்டுக் கோல்ஃப் வீரர் கேரி பிளேயர். அவர் பெயரைத் தாங்கிய கேரி பிளேயர் கன்ட்ரி கிளப் 1979-இல் வந்தது. முதலைக் குழிக்குப் பேர்போன லாஸ்ட் சிட்டி திடல் 1993-இல் வந்தது. முதல் திடலில்தான் 1981-இல் ஐந்தே ஐந்து ஆட்டக்காரர்களோடு மில்லியன் டாலர் போட்டி தொடங்கியது. அந்த முதல் போட்டியில் ஜானி மில்லரும் செவே பாலெஸ்டெரோஸும் சமநிலையில் முடித்து, ஒன்பது கூடுதல் குழிகள் ஆடிய பிறகுதான் மில்லர் வென்றார். டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடம். எல்லாவற்றுக்கும் பின்னாலிருக்கும் சாம்பியன்ஷிப் டீயிலிருந்து அளந்தால் அந்தத் திடல் 7,000 மீட்டரைத் தாண்டும். எனவே என் முதல் அறிவுரை அலுப்பூட்டும் அறிவுரைதான்: அந்த டீயின் பக்கமே போகாதீர்கள். மிக நீண்ட மட்டையான டிரைவரால் நீங்கள் அடிக்கும் தூரம் 190 மீட்டர் என்றால், நான்கு அடியில் முடிக்க வேண்டிய பார் 4 குழிகளில் இரண்டாவது அடியில் ஏழாம் எண் இரும்பு மட்டை கையில் இருக்கும்படியான டீயைத் தேர்ந்தெடுங்கள். அப்பா, மாமா, மருமகன் மூவரும் ஒரே டீயில் ஆட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எந்த டீயில் ஆடுகிறீர்களோ அதற்கேற்ப உங்கள் ஹேண்டிகேப், அதாவது உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்ணிக்கை, மாறும். கணக்கு நியாயமாகவே இருக்கும்.

அடுத்தது காற்று. நாம் கடல்மட்டத்து மனிதர்கள். டர்பனில் ஈரக்காற்றை எதிர்த்து அடித்துப் பழகியவர்கள். சன் சிட்டி கடலிலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பந்து ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். நமக்கு 150 மீட்டர் போகும் மட்டை அங்கே 156 போகும். ஆறு மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கொடி கிரீனின் பின்விளிம்பில் இருக்கும்போது கேளுங்கள். போகும் வழியில் ஜோஹன்னஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் தங்கி அங்கும் ஒரு சுற்று ஆடிவிட்டுப் போகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அது 1,700 மீட்டர் உயரம். பந்து பத்து மீட்டர் கூடுதலாகப் பறந்திருக்கும். அந்த நம்பிக்கையோடு சன் சிட்டிக்கு வந்து ஒரு மட்டை குறைவாக, அதாவது குறைந்த தூரம் போகும் மட்டையை, எடுப்பார்கள். பந்து தண்ணீரில் விழும். முதல் நாள் காலை பயிற்சித் திடலில் மூன்றே மூன்று மட்டைகளை அடித்துப் பார்த்து, புதிய தூரத்தை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இருபது நிமிட வேலை.

புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழியின் நடுப்பாதையான ஃபேர்வேயில் கிகுயு புல் பந்தைத் தலையணைமேல் வைத்ததுபோல் தூக்கிக் கொடுக்கும். அடிக்க இன்பமாக இருக்கும். ஆனால் ஃபேர்வேயை விட்டு இரண்டடி தள்ளிப் போனால் அதே புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். முகப்பு திரும்பிப் பந்து இடப்பக்கமாகப் பாயும். அங்கிருந்து கிரீனை எட்டப் பார்க்காதீர்கள். குட்டையான மட்டையை எடுத்து ஃபேர்வேக்குத் திரும்புங்கள். கிரீனின் ஓரத்திலும் உருட்டி விடும் அடி வேண்டாம். கிகுயு பந்தைத் தடவித் தடவி நிறுத்திவிடும். தூக்கிப் போடுங்கள்.

அந்தத் திடலில் எனக்கு மிகவும் பிடித்த சூழ்ச்சி கிரீன்களின் வடிவம். பல கிரீன்கள் இலைகள் பிரிந்த மாதிரி, நடுவில் ஒரு வயிறும் ஓரங்களில் மடல்களுமாக இருக்கும். கொடியை ஒரு மடலில் நட்டுவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போது கிரீன் முழுவதும் உங்களை அழைப்பதுபோலத் தெரியும். உண்மையில் அந்த மடலின் அகலம் ஒரு வரவேற்பறைதான். அதற்கு இந்தப் பக்கம் மணல்குழி, அந்தப் பக்கம் சரிவு. என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரே கட்டளை: கொடியை மறந்து வயிற்றைப் பாருங்கள். நடுவில் விழுந்தால் பன்னிரண்டு மீட்டர் பட், அதாவது கிரீனில் உருட்டும் அடி, அடிக்க வேண்டியிருக்கும். அதை இரண்டு பட்டில் முடித்துவிட்டு நடையைக் கட்டலாம். நான்காவது குழி நீருக்கு மேல் அடிக்கும் பார் 3. அங்கே இந்தக் கட்டளையோடு ஒரு மட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். குறைவாக அடித்தால் மீள வழியில்லை.

இனி ஒன்பதாவது.

பார் 5. கிரீனை நீர் சூழ்ந்திருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் இரண்டே அடியில் கிரீனை எட்டுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் ஆட்களின் மனத்தில் பதிந்தது அந்தப் படம்தான். என்னிடம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பயில்கிறார். ஹேண்டிகேப் 18. கணித ஆசிரியர் வேறு. போன டிசம்பரில் அவர் அட்டையில் ஒன்பதாவது கட்டத்தில் ஒன்றும் எழுதப்படாமல் ஒரு கோடு மட்டும் இருந்தது, அதாவது புள்ளி இல்லை. மூன்று பந்து தண்ணீரில்.

“தம்பி, கிரீன் கண்ணுக்கு நேராக இருந்தது. 150 மீட்டர்தான்” என்றார்.

“ஐயா, அந்த 150 மீட்டர் அடியை இங்கே நம் திடலில் பத்து முறை அடித்தால், எத்தனை முறை கிரீனில் நிற்கும்?”

யோசித்தார். “நாலு. நல்ல நாளில் ஐந்து.”

கரும்பலகை இல்லாத குறையை அட்டையின் பின்பக்கம் தீர்த்தது. நம் கிளப்புகளில் பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில்தான் ஆடுகிறோம். ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பார் வந்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, இரண்டு கூடினால் பூஜ்யம், ஒன்று குறைந்தால் 3. ஹேண்டிகேப் 18 உள்ளவருக்கு ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி சலுகை உண்டு. அதாவது, ஐயாவுக்கு அந்தக் குழி பார் 5 அல்ல, பார் 6. அவர் ஆடும் டீயிலிருந்து 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் 190, அடுத்த அடி 160. மீதி 150. இப்போது இரண்டு வழிகள்.

மூன்றாவது அடியில் நீரைத் தாண்டிக் கிரீனுக்கு அடிப்பது ஒன்று. நின்றால் இரண்டு பட், மொத்தம் ஐந்து, மூன்று புள்ளி. நீரில் விழுந்தால் ஓர் அபராத அடி. அடுத்த அடி நல்லபடியாகக் கிரீனில் விழுந்தாலும் மொத்தம் ஏழு, ஒரு புள்ளி. அதுவும் தவறினால் பூஜ்யம். சராசரியாக அரைப் புள்ளி என்று போடுவோம். மற்றது, மூன்றாவது அடியை 80 மீட்டர் மட்டும் தட்டி, 70 மீட்டர் தூரத்தில் வசதியான புல்லில் நிறுத்துவது. நான்காவது அடி வெட்ஜ் என்ற குட்டை மட்டையால், பிறகு இரண்டு பட். மொத்தம் ஆறு, இரண்டு புள்ளி. பத்து முறை ஆடினால் இருபது.

முதல் வழியில் இருபது புள்ளி வேண்டுமானால் பத்தில் எத்தனை அடி கிரீனில் நிற்க வேண்டும்? ஆறு. ஆறு மூன்று பதினெட்டு, மீதி நாலில் இரண்டு. ஐயா சொன்ன எண் நாலு. நல்ல நாளில் ஐந்து.

அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைத்தானே முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்” என்றார்.

இந்தக் கணக்கின் இன்னொரு பகுதியை எண்களில் எழுத முடியாது. ஒன்பதாவது முடிந்ததும் நம் நாட்டு வழக்கப்படி ஹாஃப்வே ஹவுஸ், பாதி ஆட்டத்தில் நின்று சாப்பிடும் இடம். வறுத்த ரொட்டிச் சாண்ட்விச், குளிர்பானம், கேலிப் பேச்சு. மூன்று பந்தைத் தண்ணீரில் விட்டவர் அந்தச் சாண்ட்விச்சோடு ஆத்திரத்தையும் சேர்த்து மெல்லுவார். பத்தாவதில் டிரைவரை எடுத்து ஓங்குவார். நான் பார்த்த அட்டைகளில் பத்து, பதினொன்று இரண்டும் ஒன்பதாவதின் பிள்ளைகள். ஏரியைச் சுற்றி இடப்பக்கம் வளையும் பதினெட்டாவதிலும் இதே ஆத்திரம் வேறு வடிவில் வரும். அங்கும் மூலையைக் குறுக்கே வெட்டப் பார்க்காதீர்கள். அது நீண்ட பார் 4. ஓர் அடி சலுகை உள்ளவர் ஐந்தில் முடித்தாலே இரண்டு புள்ளி கிடைத்துவிடும்.

லாஸ்ட் சிட்டியின் பதின்மூன்றாவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பார் 3. ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடிவில் கிரீன், அதற்கு முன்னால் உண்மையான முதலைகள். புகைப்படத்துக்காகக் கட்டியது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அது மோசமான குழி அல்ல. முன்பக்கம் குறைவாக அடிப்பதுதான் ஒரே பாவம். ஒரு மட்டை கூட்டி, கண்டத்தின் நடுவில் குறிவையுங்கள். மணல்குழியில் விழுந்த பந்தை எடுத்து ஆடலாம். முதலைக் குழியில் விழுந்ததைத் தேட வேண்டாம். விலைகூடிய பந்தாக இருந்தாலும்.

பை சுமந்து கூட வரும் கேடி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செலவாக நினைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. என் அப்பா சிறுவயதில் டர்பனில் கிளப்புகளில் பை சுமந்தவர். நம்மவர்களுக்கு வாயிலுக்கு உள்ளே ஆட அனுமதி இல்லாத காலம். அவர் தலைமுறைக்கு ஒரு வீரர் உண்டு: பப்வா சேவ்கோலம். கேடியாகத் தொடங்கியவர். பள்ளிப்படிப்பு இல்லை. வலது கை மேலேயும் இடது கை கீழேயுமாக, எல்லோரும் பிடிப்பதற்கு மாறாக மட்டையைப் பிடிப்பார். 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடால் ஓப்பன் வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாகக் கிளப் கட்டடத்துக்குள் விடாமல் வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே முந்தினார். அப்பா அவருடைய அடிகளைவிட அவர் பந்தை எங்கே வைக்காமல் தவிர்த்தார் என்பதைத்தான் அதிகம் பேசுவார். அந்த அறிவு பை சுமந்தவர்களுக்கு இயல்பாக வருவது. சன் சிட்டியில் உங்கள் பக்கத்தில் நடக்கும் கேடி ஆயிரம் பேர் அதே இடத்தில் தவறியதைப் பார்த்தவர். “சார், எட்டாம் எண்” என்று அவர் சொன்னால் ஒன்பதை எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

கடைசியாக, ஸ்கோரைவிட முக்கியமான ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை, கடலோரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் உட்பகுதியில் மதியத்துக்குமேல் இடிமழை சட்டென்று திரளும். காலை வெயில் கொளுத்தும், இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் கருக்கும். அமெரிக்க ஓப்பனை இரண்டு முறை வென்ற நம் நாட்டு ரெட்டீஃப் கூசன் இளம் வயதில் கோல்ஃப் ஆடும்போது மின்னல் தாக்கிப் பிழைத்தவர். நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டால் விதிப்படி உடனே நிறுத்த வேண்டும். இந்தக் குழியை முடித்துவிடலாம் என்பது அப்போது கிடையாது. மரத்தடி பாதுகாப்பல்ல. பக்கம் திறந்த கோல்ஃப் வண்டியும் அல்ல. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். முடிந்தால் காலை முதல் நேரத்தையே பதிவு செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உணவுப்பையை வண்டியில் திறந்து வைக்காதீர்கள். பபூன் குரங்குகளுக்குச் சமோசா பிடிக்கும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றேன்.

தலைமையாசிரியர் ஈஸ்டர் விடுமுறையில் மறுபடி போனார். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். ஒன்பதாவதில் கிரீன் கண்ணுக்கு நேராக, அதே 150 மீட்டரில் இருந்ததாம். மருமகன்கள் இருவரும் பின்னால் நின்று சிரித்தார்களாம். இவர் வெட்ஜை எடுத்து 80 மீட்டர் தட்டியிருக்கிறார். அடுத்த அடி கிரீனின் நடுவில். பிறகு மூன்று பட்.

“ஏழு. ஒரே ஒரு புள்ளி” என்றார்.

“மருமகன்கள்?”

“இரண்டு பேருக்கும் கோடு.” கொஞ்சம் நிறுத்தினார். “சாண்ட்விச்சுக்கு அவர்கள்தான் பணம் கொடுத்தார்கள்.”