சூடெல்லாம் காய்ச்சல் இல்லை

"ரெண்டு தடவை பாரசிட்டமால் கொடுத்தாச்சு டாக்டர், சூடு இறங்கவே மாட்டேங்குது" என்று மகனைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார் ஒரு அப்பா. தெர்மாமீட்டர் 106 காட்டியது. பையன் பகல் முழுக்க வெயிலில் வேலை பார்த்தவன். பெயரைக் கேட்டால் எதையோ உளறினான். அவனுக்கு வந்தது காய்ச்சலே இல்லை, ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு.

கிருமி உள்ளே நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களைச் சுரக்கும். அதனால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் கூடும். "98 போதாது, 102க்கு ஏத்து" என்று மூளையே உத்தரவு போடும். அதுதான் காய்ச்சல். சூட்டை ஏற்ற, உடம்பு தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, தசைகளை நடுங்க வைக்கும். நெற்றி கொதிக்கும்போதே கால் ஜில்லிட்டுக் கிடப்பது இதனால்தான். பாரசிட்டமால் புராஸ்டாகிளாண்டினைக் குறைத்ததும் உத்தரவு வாபஸாகி, வியர்த்துக் கொட்டிச் சூடு இறங்கும்.

ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை எந்த உத்தரவும் போடவில்லை. சேர்ந்த சூட்டை வெளியேற்ற முடியாமல் உடம்பு தோற்றுப்போயிருக்கிறது. இல்லாத உத்தரவை மாத்திரை எப்படி ரத்து செய்யும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு குழம்பியவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். 'வியர்க்கிறதே, அப்போ பயமில்லை' என்றும் இருந்துவிடாதீர்கள். கடுமையாக உழைத்து வந்த ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வையும் இருக்கும்.

குழந்தைகளை நாலு சுற்றுப் போர்த்திக் கொண்டுவருவார்கள். போர்வையை விலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் சில சமயம் நார்மல்! ஆனால் மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

சரி, உண்மையான காய்ச்சல் என்றாலே கிருமிதானா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), நிணநீர்ப் புற்றுநோய் போன்றவையும் வாரக்கணக்கில் காய்ச்சலாக அடிக்கும். மருந்தாலும் வரும், அதுவும் காய்ச்சலுக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக்காலேயே. ஆள் தெம்பாக இருப்பார், சூடு மட்டும் விடாது. சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒன்றுவிடாமல் கொண்டுவரச் சொல்வது அதற்குத்தான். அப்படி ஒருவரின் பையைக் கொட்டிப் பார்த்து, ஒரே ஒரு அட்டையை மட்டும் நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் சூடு இல்லை.