அங்கி: தமிழில் இதற்கு என்ன சொல்?

நீதிபதி போட்டிருப்பதும் அங்கிதான், பட்டமளிப்பு விழாவில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வதும் அங்கிதான், பைபிளில் யோசேப்புக்கு அவன் அப்பா ஆசையாகச் செய்துகொடுத்ததும் பலவருண அங்கிதான். தோளில் தொடங்கித் தொளதொளவென்று இறங்கும் உடை எதுவானாலும் யோசிக்காமல் அங்கி என்று எழுதிவிடுகிறோம்.

சொல் வடமொழி வழி வந்தது. அங்கம் என்றால் உடம்பு, அதை மூடுவது அங்கி, அவ்வளவுதான். நீளமோ தொளதொளப்போ சொல்லுக்குள் இல்லவே இல்லை. அதனால்தான் கன்னடத்தில் சாதாரணச் சட்டையே அங்கியாகிறது, சபரிமலையில் ஐயப்பனுக்குச் சாத்துகிற பொன் கவசமும் தங்க அங்கி ஆகிறது. கால் வரை தொங்குவதைக் குறிக்கத் தமிழ் பைபிள் 'நிலையங்கி' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டவேண்டி வந்தது. தோளில் போடும் அங்கவஸ்திரம் தைக்காத துணி, அதை இதோடு சேர்க்க வேண்டாம். அப்புறம், பழைய சிவன் பாட்டுகளில் அங்கி வந்தால் கொஞ்சம் உஷார்: அது அக்கினியின் திரிபு, தீ என்று பொருள். இல்லையென்றால் சிவபெருமான் துணியைக் கையில் ஏந்தி ஆடுவதாக ஆகிவிடும்!

சரி, தமிழ்ச்சொல்? முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் காவலுக்கு நிற்கும் யவனர்களை (கிரேக்க, ரோமானியரை அப்படித்தான் சொன்னார்கள்) புலவர் 'மெய்ப்பை புக்க', அதாவது மெய்ப்பைக்குள் புகுந்த, என்கிறார். மெய் உடம்பு, பை நமக்குத் தெரிந்த பைதான். 'உடுத்த' என்று சொல்லாமல் 'புக்க' என்றதைப் பாருங்கள். வேட்டியைச் சுற்றிக்கட்டலாம், தைத்த உடைக்குள் தலையையும் கையையும் விட்டு நுழையத்தானே வேண்டும்? உடம்பை வைத்தே உடைக்குப் பெயர் வைப்பதில் அங்கியும் மெய்ப்பையும் ஒரே வழிதான்.

இன்னொன்று குப்பாயம். சீவக சிந்தாமணியில் ஒரு மிலேச்சன், அதாவது வேற்றுநாட்டான், குப்பாயம் போட்டு வருகிறான். நம்மிடம் வழக்கொழிந்துவிட்டது, மலையாளத்தில் இன்றும் சட்டைக்கு அதுதான் பெயர். எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறு விஷயம்: ஒரு இடத்தில் யவனன், இன்னொரு இடத்தில் மிலேச்சன், இரண்டிலும் தைத்த உடைக்குள் இருப்பவன் வெளியாள்.

எதை எடுப்பது என்றால், முல்லைப்பாட்டின் மெய்ப்பை உடம்பை இறுக்கிப் பிடிக்கிற காவல்காரர் உடை, தொளதொள அங்கிக்கு அது ஒட்டாது. நான் குப்பாயத்தைத்தான் எடுப்பேன். நீதிபதியின் கறுப்புக் குப்பாயம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.