அணுச்சிக்கனம்: சொல்லும் பொருளும்

கரிமச் சேர்மங்களைத் தொகுக்கும் ஒரு வினையில், உள்ளே இடப்பட்ட அணுக்களில் எவ்வளவு பங்கு நமக்கு வேண்டிய விளைபொருளில் போய்ச் சேர்கிறது என்பதைக் குறிக்கும் அளவு அணுச்சிக்கனம் எனப்படும். விளைபொருளின் மூலக்கூறு நிறையை, சமன்செய்த சமன்பாட்டிலுள்ள வினைபடுபொருள்கள் அனைத்தின் மூலக்கூறு நிறைகளுடைய கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் அதன் விழுக்காடு கிடைக்கும்.

மருந்துத் தொழிலில் மிகுதியாகக் கையாளப்படும் அமைடு பிணைப்பில் இதன் பொருள் நன்கு விளங்கும். பென்சாயிக் அமிலத்தையும் (மூலக்கூறு நிறை 122) பென்சைல் அமீனையும் (107) இணைத்து அமைடு (211) பெற வேண்டும் என்று கொள்வோம். ஆய்வகங்களில் பழகிய வழி, டைசைக்ளோஹெக்சைல் கார்போடைஇமைடு (206) என்னும் பொருளைச் சேர்ப்பது. அது அமிலத்தைத் தூண்டி, பிணைப்பு உருவானதும் நீரின் அணுக்களை ஏற்றுக்கொண்டு, 224 நிறையுள்ள யூரியா வழிச்சேர்மமாக வெளியேறுகிறது. இட்டது 435, எடுத்தது 211. ஆகவே அணுச்சிக்கனம் ஏறத்தாழ 48.5 விழுக்காடு. விளைபொருளைக் காட்டிலும் கழிவு எடை மிகுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அதே அமிலத்தையும் அமீனையும், போரிக் அமிலத்தைச் சிறிதளவு வினையூக்கியாக வைத்து, உண்டாகும் நீரைத் தொடர்ந்து பிரித்தெடுத்தவாறு சூடாக்கினால் உடன்விளைபொருள் நீர் மட்டுமே. அணுச்சிக்கனம் 92 விழுக்காடாக உயர்கிறது. 2007இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் பசுமை வேதியியல் நிறுவனமும் மருந்து நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வுத் தேவைப் பட்டியலில், அணுச்சிக்கனம் குறைந்த துணைப்பொருள்களைத் தவிர்த்து அமைடு உருவாக்குவது முதன்மை இடம் பெற்றதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கருத்தை முன்வைத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பேரி டிராஸ்ட், ஆண்டு 1991. அதற்கு முன் வேதியியலார் ஒரு வினையை விளைச்சல் விழுக்காட்டைக் கொண்டே, அதாவது கிடைக்கக்கூடிய விளைபொருளில் உண்மையில் கிடைத்த பங்கைக் கொண்டே, பெரிதும் மதிப்பிட்டனர். விளைச்சல் நூறு விழுக்காடாகவே இருந்தாலும், மேற்சொன்ன முதல் வழியில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும் என்பதை அந்த அளவு காட்டாது. இதற்கு மறுமுனையில் நிற்பது 1928இல் வெளியான டீல்ஸ்–ஆல்டர் வினை: பியூட்டாடையீனும் மெலயிக் நீரிலியும் சேரும்போது ஓர் அணுவும் வெளியேறாமல் இரண்டு கார்பன்–கார்பன் பிணைப்புகள் உருவாகின்றன. 1998இல் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகளில் அணுச்சிக்கனம் இரண்டாவதாக உள்ளது.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஆட்டம் எகானமி'. முதற்சொல், பிளக்க இயலாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாம் சொல்லின் வேர் 'ஓய்கோஸ்', அதாவது வீடு. இல்லத்தை நிர்வகித்தல் என்பதே அதன் பழம்பொருள், நாட்டின் பொருளியலைக் குறித்தது பிற்காலத்து விரிவு. அகராதியில் முதலில் கண்ணில் படும் 'பொருளாதாரம்' என்பதை எடுத்து 'அணுப் பொருளாதாரம்' என்று ஆக்குவது எனவே பிழை. படிப்பவர் அதை அணுமின் நிலையத்தின் வரவுசெலவு என்றே எண்ணுவார். 'அணுத்திறன்' என்பதும் பொருந்தாது; அது அணு ஆற்றலை நினைவூட்டுவதோடு, வீணாக்காமை என்னும் கருவையும் விட்டுவிடுகிறது. 'சிக்கனம்' அந்தக் கருவை நேராகச் சொல்கிறது. 'அணுக்கொள்கை' என்பதைப் போலவே இங்கும் வல்லினம் மிகும் என்பதால் 'அணுச்சிக்கனம்' என்று சேர்த்தெழுதுவது முறை. வினையைத் 'தாக்கம்' என்று வழங்கும் இலங்கைப் பாடநூல் வழக்கிலும் 'அணுச்சிக்கனம் கூடிய தாக்கம்' என்று இடரின்றி எழுதலாம்.

இந்த அளவு சமன்பாட்டைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. மேலே புகழ்ந்த 92 விழுக்காட்டு வினை, தொலுயீன் போன்ற கரைப்பானில் பல மணி நேரம் கொதிக்கவைத்து நடத்தப்படுவது. அந்தக் கரைப்பானுக்கும் வெப்பத்துக்கும் கணக்கில் இடமில்லை. விளைபொருள் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்கும் ரோஜர் ஷெல்டனின் 'ஈ காரணி' (தமிழில் கழிவுக்காரணி எனலாம்) 1992இல் எழுந்தது; அது இக்குறையை ஈடுசெய்யும் வகையில் பயன்படுகிறது. பெருமளவு வேதிப்பொருள் உற்பத்தியில் 1க்கும் குறைவிலிருந்து 5 வரை இருக்கும் அந்த எண், மருந்து உற்பத்தியில் 25இலிருந்து 100ஐயும் கடக்கிறது. அதில் பெரும்பங்கு கரைப்பானே.