புலிகள் காப்பகத் திட்டம்: செட்டில்மென்ட் மக்கள் தெரிந்திருக்க வேண்டியவை

ஆனைமலைக் காட்டில் காடர், மலசர், முதுவர் செட்டில்மென்ட்களின் (பழங்குடிக் குடியிருப்புகளின்) வாழ்க்கையை நேரடியாகத் தொடும் ஆவணம் ‘புலிகள் பாதுகாப்புத் திட்டம்’. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்த்த 38வி பிரிவின்படி, மாநில அரசு இதைத் தயாரிக்க வேண்டும். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் தரும். எல்லையை ஒட்டியுள்ள பரம்பிக்குளத்துக்குக் கேரளம் தனியாகத் தயாரிக்கிறது.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கோர் பகுதி (மையக் காடு) 958.59 சதுர கி.மீ., அதைச் சுற்றியுள்ள பஃபர் பகுதி 521.28 சதுர கி.மீ. பஃபர் எல்லையைக் கிராம சபையைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். கோர் பகுதி புலிகளுக்காக ஆள் நடமாட்டமின்றி வைக்க வேண்டிய இடம். ஆனால் பழங்குடியினர், பிற வனவாசிகளின் உரிமையைப் பாதிக்காமல்தான் அதைச் செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

சிக்கல் இடமாற்றப் பேச்சில்தான் வருகிறது. முதலில் வன உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். மக்கள் இருப்பதால் காட்டுக்கு மீளாத சேதம் என்பதும், சேர்ந்து வாழ வேறு வழியில்லை என்பதும் மக்களின் சம்மதத்தோடு உறுதியாக வேண்டும். விவரம் சொல்லிக் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும். போகும் இடத்தில் நிலமும் வசதிகளும் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த இடமாற்றம் சட்டப்படி செல்லாது. விருப்பப்பட்டுப் போகும் குடும்பத்துக்கான தொகை 2021இல் 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 18 வயது நிரம்பிய மகன், மணமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், தனிக் குடும்பம். கணக்கெடுப்பில் அவர் பெயர் தனியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே சொல்லும் கிராம சபை ஜனவரி 26 அன்று ஊராட்சி கூட்டுவது அல்ல. வன உரிமைச் சட்டத்தின் 2(p) பிரிவுப்படி, பதிவேட்டில் ஊராக இல்லாத குடியிருப்பும் கிராமம்தான். ஆகவே வால்பாறை நகராட்சி எல்லை என்பதால் ‘இங்கே கிராம சபையே கிடையாது’ என்பது சரியான பதில் ஆகாது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வருகைக் கையெழுத்தைத் தனித் தாளில் வாங்குங்கள். தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்து, அதன் கீழேயே கையெழுத்திட்டு, அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்து பின்னால் சம்மதமாகிவிடும்.

வன உரிமை கோரும்போது பலரும் வீட்டடி நிலத்துக்கான ‘ஏ’ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் சமூக உரிமைக்கான ‘பி’ படிவமே முக்கியம். தேன் எடுக்கும் பாறை, கிழங்கு தோண்டும் சரிவு, மீன் பிடிக்கும் ஆறு, சுடுகாடு, கோயில் இடம் எல்லாம் அதில்தான் வரும். அதில் பதியாத இடத்தைத் திட்ட வரைபடம் யாரும் புழங்காத காடாகவே காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் தேவை. மனுதாரர் அல்லாத பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி இணைத்தால் அதுவும் ஆதாரம்தான். ரேஷன் கார்டு இல்லையென்று விட்டுவிட வேண்டாம்.

கிராம சபை முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். அங்கும் சரிவராவிட்டால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடம்.