மல்டிப்ளை போட்டால் வெள்ளை போகாது, தம்பி

வைகாசி முதல் தேதி நெருங்கினால் குடியாத்தம் பக்கத்து ஆர்டர் வேலூர் வரைக்கும் வந்துவிடும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊர்ப் பையன்கள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு நிற்க வேண்டும். பெரும்பாலும் கறுப்புதான் கேட்பார்கள். இந்த முறை வந்த ஒரு ஃபைலில் அம்மன் முகத்தைச் சுற்றி நெருப்பு. டிசைன் அருமை, பொய் சொல்ல மாட்டேன். டிடிஎஃப் மிஷினுக்கு (டிசைனை ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் முறை) அனுப்பும் முன், ஃபைலை அச்சுக்குத் தயார் செய்யும் ரிப் சாஃப்ட்வேரில் ஒயிட் சேனலை, அதாவது நிறத்துக்கு அடியில் வெள்ளை இங்க் விழும் இடத்தை, மட்டும் திறந்து பார்த்தால், நெருப்பின் வடிவம் இல்லை, அடைத்த ஒரு செவ்வகம். அப்படியே அடித்திருந்தால் ஒவ்வொரு பையன் நெஞ்சிலும் அட்டை ஒட்டியது போல விறைப்பாக ஒரு கறுப்புப் பட்டை உட்கார்ந்திருக்கும்.

டிசைன் செய்த தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஸ்கிரீன் மோடு போட்டுட்டேனே, பிளாக் போயிடுச்சே!"

போகவில்லை. மாதத்துக்கு எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்வது? அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போட்டோஷாப்பில் ஒரு லேயர் (அடுக்கு) கீழே இருப்பதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வதுதான் பிளெண்ட் மோடு; மல்டிப்ளை, ஸ்கிரீன் எல்லாம் அதில் சேர்த்தி. அது எதையும் அழிக்காது. மேல் லேயரின் நிறத்தையும் கீழ் லேயரின் நிறத்தையும் வைத்து ஒரு கணக்குப் போடும், அவ்வளவுதான். மல்டிப்ளை என்றால் பெருக்கல். வெள்ளையின் மதிப்பு 1. எதை 1-ஆல் பெருக்கினாலும் அதுவேதான் வரும், அதனால் வெள்ளை இருக்கும் இடத்தில் கீழே உள்ள நிறம் மாறாமல் தெரிகிறது. ஸ்கிரீன் அதற்கு நேர் எதிர். அங்கே கறுப்புக்கு அந்த வேலை. வெள்ளை அங்கேதான் இருக்கிறது, கறுப்பும் அங்கேதான் இருக்கிறது. ஒளிபுகும் தன்மையைக் குறித்து வைக்கும் ஆல்ஃபா என்ற தனிக் கணக்கு ஒன்று உண்டு. அதை இந்த மோடுகள் தொடுவதே இல்லை.

இப்போது கீழ் லேயரின் கண் ஐகானை அணைத்து அதை மறைத்துவிடுங்கள். பெருக்க எதுவும் இல்லை. கீழே காலியாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் தன் சொந்த நிறத்தில், நார்மல் மோடில் இருப்பது போலவே தெரியும். அந்த நிலையில் பி.என்.ஜி. எடுத்தால் வெள்ளைப் பெட்டியும் கறுப்புப் பெட்டியும் அப்படியே கூடவே வரும். பி.என்.ஜி. ஆல்ஃபாவைச் சேமிக்கும், பிளெண்ட் மோடைச் சேமிக்காது. நம்ம தம்பிக்கும் இதுதான் நடந்தது. கறுப்பு டி-ஷர்ட் போட்டோவைக் கீழே வைத்து டிசைன் செய்தார், கடைசியில் அதை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தார். செல்போன் கேலரியின் கறுப்புப் பின்னணியில் பார்த்து "கரெக்டா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். கறுப்புமேல் கறுப்பு எப்படித் தெரியும்?

டி-ஷர்ட்டாவது பரவாயில்லை. ஃப்ளெக்ஸ் பேனரில் மல்டிப்ளை படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது. தலைவர் போட்டோ வெள்ளை பேக்ரவுண்டில் வரும். கட் பண்ணச் சோம்பல்பட்டு மல்டிப்ளை போடுவார்கள். பேக்ரவுண்டோடு சேர்த்து வெள்ளைச் சட்டையும் போய், மஞ்சள் பேனரில் தலைவர் மஞ்சள் சட்டையில் கும்பிடுவார். பல்லும் மஞ்சள். லோகோவாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் வெள்ளை எழுத்தில் மஞ்சள் ஏறிவிடும், சுத்தமான நீலம் மஞ்சள்மேல் கறுப்பாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலில் (255 என்றால் முழு அளவு, அதாவது 1) நீலத்தின் 0, 0, 255-ஐ மஞ்சளின் 255, 255, 0-உடன் பெருக்கிப் பாருங்கள், மூன்று சேனலிலும் பூஜ்யம். "நீலம் ஏன் அடிக்கல, இங்க் தீர்ந்துபோச்சா?" என்று பிரஸ்காரனிடம் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கில் இருப்பது உண்மையான வெள்ளை இல்லை. நிறத்தை அளக்கும் ஐட்ராப்பரை வைத்தால் 245, 246 என்று காட்டும். 255-இல் 245 என்றால் கிட்டத்தட்ட நான்கு சதவீதம் இருட்டு. மானிட்டரில் கண்ணுக்குப் படாது. காட்பாடி ரோட்டில் வெயிலில் பத்தடி பேனரைக் கட்டிப் பாருங்கள், லோகோவைச் சுற்றி அழுக்குக் கட்டம் தெரியும்.

லேயர்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் குரூப் விஷயமும் சொல்லிவிடுகிறேன். குரூப்பின் மோடு பாஸ் த்ரூவாக இருக்கும் வரை உள்ளே இருக்கும் மல்டிப்ளை லேயர் வெளியே கீழே இருப்பதோடும் கலக்கும். யாரோ அதை நார்மலுக்கு மாற்றினால் கலப்பு குரூப்புக்குள்ளேயே முடிந்துவிடும், பழைய வெள்ளைப் பெட்டி எழுந்து நிற்கும். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று வந்த சிலவற்றுக்குக் காரணம் இதுதான். எனக்கு அரை நிமிஷ வேலை.

போட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994-ல். இப்போது கையில் இருக்கும் வெர்ஷனில் லேயர் மாஸ்க், பென் டூல், ஏஐ செலக்‌ஷன் எல்லாம் இருக்கிறது. தயவுசெய்து மாஸ்க் போட்டு, வேண்டாத இடத்தை மறைத்து வெட்டுங்கள். ஒரே நிறக் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் என்றால் அதுவும் வேண்டாம்: சேனல்ஸ் பேனலில் ஆர்.ஜி.பி.யைக் கன்ட்ரோல் பிடித்து கிளிக் செய்யுங்கள், செலக்‌ஷனை இன்வெர்ஸ் செய்து, புது லேயரில் நிறத்தை நிரப்புங்கள். பேனா அழுத்தத்தின் மெல்லிய ஓரம்கூடச் சரியான ஆல்ஃபாவோடு வரும். நெருப்பு, புகைக்கு லேயர் ஸ்டைலில் இருக்கும் பிளெண்ட் இஃப்பைப் பயன்படுத்துங்கள்; இருட்டு, வெளிச்சத்தின் அளவைப் பார்த்து அந்த இடத்தை அது மறைக்கும். ஆல்ட் அழுத்தி ஸ்லைடரை இரண்டாகப் பிரித்தால் ஓரம் மென்மையாக மறையும். அது நிஜமாகவே மறைப்பது, எக்ஸ்போர்ட்டிலும் நிற்கும்.

ஆனால் டிடிஎஃப்புக்கு அந்த மென்மையும் ஆபத்து. பாதி ஒளிபுகும் பிக்ஸலுக்கு அடியிலும் மிஷின் வெள்ளை இங்க் வைக்கும். கறுப்புத் துணியில் டிராப் ஷேடோ போட்டால் நிழல் வராது, சாம்பல் பூத்த ஓரம்தான் வரும். ஷேடோவை எடுத்துவிடுங்கள். "லுக்கு போயிடும்ணா" என்றால், துவைத்த பிறகு வரும் லுக்கை வந்து பாருங்கள்.

அனுப்பும் முன் எல்லா லேயருக்கும் அடியில் கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு லேயர் வையுங்கள், அப்புறம் அதையும் அணைத்துப் பாருங்கள். இரண்டிலும் டிசைன் ஒரே மாதிரி இருந்தால் சரி. மாறினால் மோடை நம்பி எங்கோ விட்டிருக்கிறீர்கள். அச்சு இங்க் நிறங்களான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றும்போது காப்பி எடுத்து, ஃப்ளாட்டன் செய்து எல்லா லேயரையும் ஒன்றாக்கியபின் மாற்றுங்கள். லேயரோடு மாற்றினால் மோடின் கணக்கு இங்க் மதிப்பில் நடந்து நிறம் வேறாகும்.

பி.என்.ஜி.யை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், ஜேபெக் ஆகி ஆல்ஃபா போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். லேயரோடு இருக்கும் போட்டோஷாப் ஃபைலான பி.எஸ்.டி. இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். திருவிழாவுக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு வேண்டாம், மதியத்துக்குள் அனுப்புங்கள்.